சேம அச்சு

நம்பிக்கை என்னும் சொல்லை நாம் நாள்தோறும் பல இடங்களில் வழங்குகிறோம். நண்பரை நம்புகிறோம், மருத்துவரை நம்புகிறோம், வாசலில் நிற்கும் பழைய காரையும் நம்பியே குடும்பத்தோடு அதில் ஏறி அமர்கிறோம். சொல் ஒன்றாயினும் பொருளும் ஒன்றுதானா என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. நண்பருக்கு மனம் உண்டு. மருத்துவருக்குக் கல்வியும் கடமையுணர்வும் உண்டு. இரும்பாலும் ரப்பராலும் ஆன ஒரு பொறிக்கு என்ன உண்டு? "இருபது ஆண்டாக ஓடுகிறது, ஒரு நாளும் வழியில் நின்றதில்லை" என்று ஒருவர் தம் காரைப் பற்றிப் பெருமையோடு கூறும்போது அந்தப் பெருமை யாரைச் சேர வேண்டும்? செய்த ஆலையையா, ஓட்டிய கையையா, பழுது பார்த்த தொழிலாளியையா? இந்தச் சிறு வினாவுக்குள் பெரியதோர் அறக்கேள்வி அடங்கியிருக்கிறது. பழையதைப் பேணிக் காப்பது சிக்கனமா, பிடிவாதமா, கடமையா? எதுவரை அது கடமை? எந்த எல்லைக்கு அப்பால் அது குற்றம்?

தமிழகத்தை விட்டுத் தொழிலின் பொருட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய குடும்பங்களுக்கு இவ்வினா புதியதன்று. தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழ்ந்த முன் தலைமுறையினர்க்குக் கார் என்றவுடன் இரண்டு மூன்று பெயர்களே நினைவுக்கு வரும். கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசடர் ஒன்று. பம்பாயின் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்த பியட், பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் பெற்றது, மற்றொன்று. நம் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் செய்த ஹெரால்டு இன்னொன்று. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி 1950களின் பிற்பகுதியில் பிறந்த அம்பாசடர், உருவத்தில் பெரிய மாற்றமின்றி 2014 மே மாதம் வரை செய்யப்பட்டது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தால்தான் அந்நாளில் புதிய கார் கைக்கு வரும். ஆகவே வாங்கியதைக் காப்பாற்றுவது அன்று கொள்கையாக இருக்கவில்லை. வேறு வழியின்மையாக இருந்தது.

இன்று நிலைமை வேறு. பழைய குடும்பக் கார் என்றால் இன்றைய இல்லங்களில் அது ஓர் எஸ்டீமாகவோ, ஹோண்டா சிட்டியாகவோ, ஆக்ஸன்டாகவோ இருக்கலாம். புதியது வேண்டுமெனில் வங்கிகள் கடன் கொடுக்கக் காத்திருக்கின்றன. வேறு வழியில்லாதபோது செய்வதைப் பழக்கம் என்போம். வேறு வழி இருந்தும் ஆராய்ந்து செய்வதையே அறம் என்று அழைக்க இயலும். ஆதலால் பழைய காரைப் பேணுவது பற்றிய அறக்கேள்வி நம் தந்தையர் காலத்தில் பிறக்கவில்லை. நம் காலத்தில்தான் பிறந்திருக்கிறது எனலாம்.

இவ்வாராய்ச்சியின் வாயிலிலேயே ஒரு தடை எழுகிறது. பழைய கார் என்று நாம் எதைக் கூறுகிறோம்? இருபது ஆண்டுகளில் டயர்கள் பலமுறை மாறிவிட்டன. பேட்டரி மாறிவிட்டது, கிளட்ச் தட்டு மாறிவிட்டது, ரேடியேட்டர் மாறியிருக்கலாம், எஞ்சினே பிரித்துக் கோக்கப்பட்டிருக்கலாம். வாங்கிய நாளில் இருந்தவற்றுள் எஞ்சியிருப்பது கூடும் சில கம்பிகளும் பதிவு எண்ணுமே எனில், இதனை அதே கார் என்று எப்படிச் சொல்வது?

இவ்வினா மிகப் பழையது. கிரேக்க மன்னன் மினாந்தருக்கும் பௌத்தத் துறவி நாகசேனருக்கும் நடந்த உரையாடலைக் கூறும் மிலிந்த பஞ்ஹா என்னும் பாலி நூலில் இது தேரின் வாயிலாகவே பேசப்படுகிறது. மன்னன் தேரில் வந்தவன். ஏர்க்காலா தேர், அச்சா தேர், சக்கரமா தேர் என்று துறவி ஒவ்வொன்றாகக் கேட்கிறார். ஒவ்வொன்றையும் மன்னன் மறுக்கிறான். உறுப்புகள் கூடியவிடத்து வழங்கும் ஒரு பெயரே தேர் என்ற முடிவுக்கு அவனே வந்து சேர்கிறான். ஏதென்ஸ் மக்கள் தீசியஸின் கப்பலைப் பலகை பலகையாக மாற்றிக் காத்து வந்ததையும், அது அதே கப்பல்தானா என்று தத்துவ ஞானிகள் வாதிட்டதையும் புளூடார்க் எழுதி வைத்திருக்கிறார். கிழக்கும் மேற்கும் ஒரே வினாவை எழுப்பியதற்குக் காரணம் உண்டு. எந்தப் பொருளும் தன்னளவில் நிலைத்து நிற்பதில்லை. நிலைத்து நிற்பது போலத் தோன்றும் ஒவ்வொன்றின் பின்னும் யாரோ ஒருவர் எதையோ மாற்றிக்கொண்டிருக்கிறார். அதே கார் என்று நாம் கூறுவது அந்த இரும்பைக் குறித்தன்று. இருபது ஆண்டாக அறுபடாமல் வந்த ஒரு கவனத்தைக் குறித்தே ஆகும். எந்த ஆண்டில் எந்த உறுப்பு, எத்தனை கிலோமீட்டரில் மாற்றப்பட்டது என்று குறித்து வைத்த சிறு நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்குமானால், காரின் உயிர் எஞ்சினில் இருப்பதைக் காட்டிலும் அந்த நோட்டில் மிகுதியாக இருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

இனி நம்பிக்கைக்கு வருவோம். வண்டியையும் நம்பிக்கையையும் இணைத்துச் சிந்தித்த பெருமை சங்கத் தமிழுக்கு உண்டு. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் பொகுட்டெழினியைப் புகழ்கிறார். அங்கே அவர் எடுத்துக்காட்டுவது அரசர் ஏறும் தேரன்று. உப்பு வணிகராகிய உமணரின் மாட்டு வண்டி. வேலைக்குப் புதிய காளைகள், வண்டி கொள்ளாத சரக்கு, முன்னே எத்தகைய மேடு பள்ளம் காத்திருக்கிறது என்று அறிய முடியாத வழி. இவ்வளவையும் எண்ணிப் பார்த்த உமணர், வண்டியின் அடியில் வேறோர் அச்சையும் கட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதைப் போன்றவன் இவ்வீரன் என்பது புலவரின் கருத்து. இன்று நாம் ஸ்டெப்னி என்று சொல்வதன் மூதாதை அதுவே.

இந்த உவமையில் நம்பிக்கையைப் பற்றிய ஆழ்ந்த உண்மை ஒன்று பொதிந்துள்ளது. உமணர் தம் வண்டியை நம்பாமல் சேம அச்சைக் கட்டவில்லை. அச்சு முறியக்கூடும் என்பதை ஒப்புக்கொண்ட பிறகே அவர்கள் வண்டியை நம்பினர். "ஒன்றும் ஆகாது" என்று சொல்லிப் புறப்படுவது நம்பிக்கை போலத் தோன்றினும் அது மறதியே. "ஆகக்கூடியவை இவை, அவற்றுக்கு இன்னின்னது செய்திருக்கிறோம்" என்று சொல்லிப் புறப்படுவதே நம்பிக்கை. பம்பாயிலிருந்து சென்னைக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியைப் பியட் காரில் கடந்த குடும்பங்கள் இதனை நன்கு அறியும். பூனாவைத் தாண்டிச் சதாரா நோக்கிச் செல்லும்போது கம்பாட்கி மலைப்பாதை குறுக்கிடும். வேனிற்கால நண்பகலில் ஏற்றத்தில் செல்கையில், பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, எஞ்சினுக்குச் சென்று சேராமல் வண்டி நின்றுவிடுவதுண்டு. பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிச் சற்றுப் பொறுத்திருந்தால் மீண்டும் புறப்படும். ஒரு குடம் தண்ணீர், ஒரு பழந்துணி, ஒரு விசிறி வார், ஒரு ஜாக்கி ஆகியவற்றை டிக்கியில் வைத்துக்கொண்டு கிளம்பிய அந்தப் பெரியவர்கள் உமணரின் வழிவந்தவர்களே.

புதியது நம்பத்தக்கது, பழையது ஐயத்துக்குரியது என்று நாம் பொதுவாகக் கருதுகிறோம். பொறியியல் அறிஞர் இதை முழுமையாக ஏற்பதில்லை. பழுது தோன்றும் விகிதத்தைக் கோடாக வரைந்தால் அது குளியல் தொட்டியின் குறுக்கு வெட்டைப் போல் அமையும் என்பர். பிறந்தவுடன் பழுதுகள் மிகுதி. செய்ததில் நேர்ந்த குறைகள் அப்போதுதான் வெளிப்படும். பின்னர் நெடுங்காலம் பழுது குறைவாகவும் சமமாகவும் இருக்கும். இறுதியில் தேய்மானத்தால் மீண்டும் மிகும். பேணுதல் என்பது அந்த நடுக்காலத்தை நீட்டிக்கும் முயற்சியே. அது என்றென்றைக்கும் நீளாது. ஆயினும் அதன் நீளத்தில் பெரும்பங்கு நம் கையில் இருக்கிறது என்பதே மனிதனுக்குக் கிடைத்துள்ள உரிமையும் பொறுப்பும் ஆகும்.

அந்தப் பொறுப்பின் இயல்பை ஒரு சான்றால் விளக்கலாம். காரின் பிரேக் ஒரு நீர்மத்தால் இயங்குகிறது. பிரேக் ஆயில் என்று பட்டறையில் வழங்கும் அது, காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை தாழ்கிறது. மலையிறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கை மிதிக்கும்போது எழும் வெப்பத்தால் அது கொதித்து, உள்ளே ஆவிக் குமிழ்கள் தோன்றுகின்றன. நீர்மம் அழுத்தத்துக்குச் சுருங்காது; ஆவி சுருங்கிவிடும். ஆகவே கால் மிதி தரையைத் தொட்டாலும் சக்கரம் நிற்பதில்லை. பெரும்பாலான கார்களில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றிவிட்டால் இந்த இடர் அணுகாது. டயரும் அவ்வாறே. பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் ரப்பர் ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி, பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். அது பிறந்த வாரமும் ஆண்டும் நான்கு இலக்கமாக அதன் பக்கத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 2319 எனில் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் என்று பொருள். இன்று நம் நாட்டுப் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கப்படுகிறது. அதனை எண்ணிச் செய்யப்படாத பழைய கார்களில் ரப்பர்க் குழாய்களையும் அடைப்பான்களையும் அடிக்கடி பார்த்துக்கொள்வது நலம். உருவம் சிறிதென்று எதனையும் இகழலாகாது என்பதற்கு வள்ளுவர் பெருந்தேரின் அச்சாணியைக் காட்டினார். அதுபோல் பிரேக்கின் உள்ளே இருக்கும் காசளவு ரப்பர்க் குப்பிக்கு ஒரு குடும்பத்தின் எடை முழுவதும் தெரியும்.

ஆனால் இவற்றைச் செய்தவர்க்குக் கிடைக்கும் கைம்மாறு என்ன? ஒன்றும் இல்லை. நீர்மத்தை மாற்றினார், இறக்கத்தில் வண்டி நின்றது, அவ்வளவே. நடந்திருக்கக்கூடியது நடக்கவில்லை. நடவாத ஒன்றைக் கண்ணால் கண்டவர் எவரும் இலர். ஆகவே அதற்கு நன்றி கூறுவாரும் இலர். கவிழ்ந்த வண்டியிலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கி வந்தவரை ஊர் போற்றும். வண்டி கவிழாதபடி செய்தவரின் பெயரை ஊர் அறியாது. அறச்செயல்களுள் பேணுதல் தனித்து நிற்பது இக்காரணத்தால்தான். அதன் வெற்றி கண்ணுக்குப் புலப்படாமையே. தோல்வி ஒன்றே புலப்படும். புகழை வேண்டிச் செய்பவர் இதை நெடுநாள் செய்ய இயலாது. நம் இல்லங்களில் அடுப்பும் மருந்தும் பள்ளிக் கட்டணமும் தவறாமல் பார்த்துக்கொண்ட தாய்மாரின் வாழ்வு, பெரும்பாலும் இத்தகைய நடவாத தீமைகளின் நீண்ட வரிசையே அல்லவா?

பேணுதலுக்கு எதிர்முனையிலும் ஒரு குற்றம் உண்டு. அது ஓயாமல் கைவைப்பது. இரண்டாம் உலகப் போரின்போது, பிரிட்டிஷ் கடற்காவல் விமானப் படையின் பழுதுபார்ப்பு ஏடுகளை வாடிங்டன் என்னும் உயிரியல் அறிஞரும் அவர் குழுவினரும் ஆராய்ந்தனர். குறித்த மணிநேரம் பறந்த ஒவ்வொரு விமானத்தையும் பிரித்துச் சோதிக்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்தச் சோதனைக்குப் பின் பழுதுகள் குறையும் என்றுதானே எதிர்பார்ப்போம்? அதற்கு மாறாக, சோதனை முடிந்தவுடன் அவை மிகுந்து, பிறகே படிப்படியாகக் குறைந்தன. நன்றாக இருந்ததைப் பிரித்ததே பழுதுக்குக் காரணமாயிற்று. சோதனைகளின் இடைவெளியை நீட்டியபோது பறக்கும் நேரம் பெருகியது. கார் வைத்திருப்போருள்ளும் இத்தகையோரைக் காணலாம். சிறு ஓசை கேட்டாலும் பட்டறைக்கு ஓடுவர்; யாரோ சொன்னார் என்று கார்புரேட்டரைத் திருகுவர்; நலமாக உள்ளதை மாற்றி, நலமற்றதைக் கொணர்வர். பேணுதல் என்பது முதலில் கேட்பது, அடுத்துக் காத்திருப்பது, மூன்றாவதாகவே கைவைப்பது. குழந்தை வளர்ப்பிலும் நட்பிலும் இவ்விதியே செல்லும் என்பதை அன்பர்கள் அறிவர்.

தில்லியின் காஷ்மீரி கேட் சந்துகளிலும் கொல்கத்தாவின் மல்லிக் பஜாரிலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் பழைய உறுப்புகளைத் தேடி அலைந்தவர்க்கு ஓர் உண்மை தெரியும். உறுப்பைக் காட்டிலும் அரியது, உள்ளதை உள்ளவாறு சொல்லும் நா. "இது மாற்ற வேண்டியதில்லை ஐயா, இன்னும் ஓராண்டு ஓடும்" என்று தன் வருவாயைத் தானே குறைத்துக்கொள்ளும் மெக்கானிக் ஒருவர் கிடைத்தால், அவர் எந்த மொழி பேசினாலும் நமக்கு உறவினரே. மொழி தெரியாத ஊரில் புதிதாகக் குடியேறியவர்க்கு முதலில் வாய்க்கும் நட்பு பல சமயங்களில் பட்டறை நட்பாகவே இருக்கும். இந்தி இலக்கணம் தெரியாமலே தில்லி உஸ்தாதிடம் கையாலும் ஓசையாலும் எஞ்சினின் நோயை விளக்கித் தீர்த்துக்கொண்டவர் நம்முள் பலர் உளர்.

உண்மை பேசும் கடமை தொழிலாளிக்கு மட்டும் உரியதன்று, உரியவர்க்கும் உண்டு. அது வெளிப்படும் நாள் காரை விற்கும் நாள். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1970இல் எழுதிய கட்டுரை ஒன்று பழைய கார் சந்தையை எடுத்துக்கொண்டு ஆராய்கிறது. பிற்பாடு 2001இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்ள அதுவும் காரணமாயிற்று. விற்பவர்க்குத் தம் காரின் குறை தெரியும், வாங்குபவர்க்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் காருக்கும் சராசரி விலையே தர முன்வருவார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க யாருக்கும் மனம் வராது. நல்லவை சந்தையை விட்டு விலகும். எஞ்சியவை மேலும் தாழும். ஒருவர் மறைக்கும் குறை ஒரு வாங்குபவரை மட்டும் ஏமாற்றுவதில்லை. நேர்மையாக விற்க எண்ணும் அனைவரின் விலையையும் அது திருடுகிறது. வெள்ளத்தில் மூழ்கிய காரைத் துடைத்து மெருகிட்டு விற்பவரும், ஓடிய தூரம் காட்டும் எண்ணைப் பின்னுக்குத் திருப்புபவரும் செய்வது இதுவே. முன்னே கூறிய நோட்டுப் புத்தகத்தைச் சாவியோடு சேர்த்து வாங்குபவரின் கையில் கொடுப்பவர், தம் காருக்கு மட்டுமன்றிச் சந்தைக்கே ஒரு சேம அச்சைக் கட்டிக் கொடுக்கிறார்.

இனி மிகக் கடினமான வினா எஞ்சி நிற்கிறது. பேணுதல் எங்கே முடிய வேண்டும்?

காரின் நம்பகம் மூவர்க்குக் கடன்பட்டது என்று கொள்ளலாம். உள்ளே அமர்ந்திருப்போர் முதலாமவர். சாலையில் நடந்தும் சைக்கிளிலும் செல்வோர் இரண்டாமவர். காரைக் கண்ணாலும் காணாமல் அதன் புகையை மூச்சாக இழுப்போர் மூன்றாமவர். முதலாமவரிடம் நமக்கு அன்பு உண்டு; ஆதலால் அவர் கடனை எளிதில் தீர்க்கிறோம். இரண்டாமவரிடம் அச்சம் உண்டு. காவலரும் காப்பீடும் நினைவூட்டுகின்றனர். மூன்றாமவரிடம் அன்பும் இல்லை, அச்சமும் இல்லை. ஆகவே ஒருவரின் அறம் சோதிக்கப்படுவது அங்கேதான்.

முதலாமவர் திறத்திலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். வழியில் நில்லாமை வேறு. மோதலில் உயிர் காத்தல் வேறு. நம் நாட்டில் 2019 ஜூலை முதல் ஓட்டுநர்க்கான காற்றுப்பை புதிய கார்கள் அனைத்திலும் கட்டாயமாயிற்று. பழைய கார்கள் பலவற்றில் அது இல்லை. எத்துணை அன்போடு பேணினும் இல்லாத ஒன்றை அன்பு உண்டாக்கிவிடாது. அத்தகைய காரை நகருக்குள் மெதுவாக ஓட்டுவதற்கென வைத்துக்கொண்டு, விரைவுச் சாலைப் பயணத்துக்கு வேறு வழி காண்பது அறிவுடைமை.

மூன்றாமவர் கதையைத் தில்லிவாழ் அன்பர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. குளிர்காலத்துக் காற்றே அதைக் கூறும். தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடலாகாது என்பதை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வயதை மட்டுமே காரணமாக்கி உரிமையாளர்மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என 2025 ஆகஸ்டில் இடைக்கால ஆணை பிறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு, பாரத் நிலை 4 மாசு வரையறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது. மும்பையில் 2003 அக்டோபரில் பதிவான கடைசிப் பத்மினி டாக்சி, 20 ஆண்டு எல்லை நிறைந்து 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றபோது அந்நகரமே கண்கலங்கியது. சட்டங்கள் வயதுக்கும் நிலைக்கும் இடையே ஊசலாடுவதை இவற்றால் காண்கிறோம்.

வயதே அளவுகோலானால், நன்கு பேணியவரும் பேணாதவரும் ஒரே தண்டனை பெறுகின்றனர். அது நடுவு நிலைமை ஆகாது. அன்றியும் நல்ல நிலையிலுள்ள காரை அழித்துப் புதியதைச் செய்யவும் இரும்பும் நிலக்கரியும் எரிந்துதான் ஆகவேண்டும். ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் பாசத்தையே அளவுகோலாக்கினால், "என் கார் நன்றாகத்தான் இருக்கிறது" என்று கூறாதவர் ஒருவரும் இரார். பாசம் நல்ல நீதிபதி அன்று. மேலும், எவ்வளவு பேணினும் ஓர் எஞ்சின் தான் பிறந்த காலத்து வரையறையைத் தாண்டித் தூய்மை பெறுவதில்லை. ஆகவே அளவுகோல் நம் கைக்கு வெளியே இருக்க வேண்டும். புகைக்குழாய் பொய் சொல்வதில்லை. நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது; கரும்புகை வந்தால் எரிபொருள் மிகுதியாகி முற்றும் எரியாமல் போகிறது; சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாவிடில் குளிர்நீர் உள்ளே கசிகிறது. காரைக் கொண்டு போகாமலே காசு கொடுத்துப் புகைச் சான்றிதழ் வாங்குபவர் அரசை ஏமாற்றுவதாக எண்ணுகிறார். உண்மையில் அவர் ஏமாற்றுவது பக்கத்துத் தெருவில் ஈளையால் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவரை.

மூவர்க்கும் உரிய கடனைத் தீர்க்க முடியும் வரை பழைய காரைப் பேணுவது கடமை. வசதி இருந்தும் வீணாக்காத அந்த அடக்கம் போற்றத் தக்கது. மூவருள் ஒருவர்க்கேனும் அக்கடனைத் தீர்க்க இயலாத நாள் வந்தால், அன்றைக்கு விட்டுவிடுவதே பேணுதலின் கடைசிச் செயல். அதனையும் உரிய முறையில் செய்ய வேண்டும். பதிவு பெற்ற வண்டியழிப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்று பெறுவது முறை. புகை விதி தளர்ந்த சிற்றூருக்கு அதை விற்றுவிட்டுக் கைகழுவுவது முறையன்று. மூச்சு எல்லா ஊரிலும் மூச்சுதான்.

இறுதியாக ஒன்று. பழைய காரைக் கெடுப்பதில் ஓட்டத்துக்கு உள்ள பங்கைவிட ஓய்வுக்கு உள்ள பங்கு பல நேரங்களில் பெரிது. மூடி வைத்த கார் பழுதாகும். பேட்டரி வற்றும், பிரேக் தட்டில் துரு ஏறும், நின்ற இடத்திலேயே டயர் தட்டையாகும், தொட்டியில் பெட்ரோல் கெடும். விலையுயர்ந்த உறையால் போர்த்தி வைத்துப் பண்டிகைக்கு ஒருமுறை துடைப்பது அதனைக் காப்பதாகாது. வாரம் ஒருமுறையேனும் எஞ்சின் நன்கு சூடேறும் வரை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுவதே அதற்கு மருந்து.

பிற மொழி வழங்கும் நகரங்களில் வாழும் நம் இல்லங்களில் தமிழும் இப்படித்தான் நிற்கிறது. ஆண்டுக்கு ஒரு விழாவில் மேடையேற்றி மாலையிடுவதால் மட்டும் அது ஓடிக்கொண்டிராது. உணவு பரிமாறும்போதும், பள்ளிப் பையைத் தேடும்போதும், பாட்டியிடம் தொலைபேசியில் பேசும்போதும் பிள்ளைகளின் நாவில் அது நாள்தோறும் சிறிது தூரமாவது சென்று வரவேண்டும். வழியில் சில சொற்கள் மாறும், சில உறுப்புகள் புதியனவாகும், அதனால் குற்றமில்லை. இன்று மாலை காரில் செல்லும்போது பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் சிறுவனிடம் சேம அச்சு என்றால் என்ன என்று கேளுங்கள். அவனுக்குத் தெரியாவிட்டால், டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைக் காட்டி உமணரின் கதையைச் சொல்லுங்கள். அப்படியே அந்தச் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.